மனச்சோர்வுக்கு இ.எஸ்.ஐ.யில் மெடிக்கல் லீவு கிடைக்குமா?

கேள்வி:

எனக்கு 33 வயது. கோவையில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் நான்கு மாதமாக சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) ஆபரேட்டர். சம்பளம் 18,000. மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். ஆறேழு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இரண்டு முறை அளவு தவறி, ஒரு லாட் மொத்தமும் ரிஜெக்ட் ஆகிவிட்டது. காந்திபுரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். ஐந்து வாரமாகச் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கிறேன். "மனநோய்னு எழுதினா வேலையே போயிடும், எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட டிஸ்க் பிரச்சினைனு எழுதி வாங்கிக்கலாம்" என்கிறார் மச்சான், என் மனைவியின் அண்ணன். "ராஜினாமா கொடுத்துட்டுப் போங்க, சரியானதும் புதுசா சேர்த்துக்கலாம்" என்கிறார் எச்.ஆர். சாயந்திரம் உணவு டெலிவரி ஓட்டி பைக் இ.எம்.ஐ. கட்டலாமா என்றும் யோசிக்கிறேன். திரும்பப் போனால் மாத்திரையோடு நைட் ஷிஃப்ட் பார்க்க முடியுமா? கூட இருப்பவர்கள் மெண்டல் என்று பேச மாட்டார்களா? சில நாள் எதுவுமே வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்த மாதிரி நோய்க்கெல்லாம் இ.எஸ்.ஐ. பணம் தருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில் (மனநல சமூகப் பணியாளர்):

கடைசிக்கு முந்தைய வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "எதுவுமே வேண்டாம்" என்பது வேலை வேண்டாம் என்ற சலிப்பா, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணமா? இரண்டாவது என்றால், ஒரு நிமிடம் வந்து போகிற எண்ணமாக இருந்தாலும், இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காமல் உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். மாத்திரைகளை மொத்தமாக உங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மனைவி எடுத்துத் தரட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்று தயங்கினால் 14416-க்கு அடியுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிற சேவை அது. எண்ணம் பலமாக இருக்கிறது, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றால் போனோடு நிற்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பணம், வேலை, எச்.ஆர். எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இப்போது பணம். தருவார்கள். டிப்ரஷனும் நோய்தான். இ.எஸ்.ஐ. கணக்கில் காய்ச்சலுக்கு என்ன விதியோ அதேதான் இதற்கும்: டாக்டர் 'வேலை செய்ய இயலாது' என்று சான்று தர வேண்டும், அந்த நாட்களில் நீங்கள் வேலை செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைத் தானம் கேட்பது போல நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் முக்கால் சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிக்கிறார்கள். நிர்வாகம் அதன் மேல் 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டுகிறது. நான்கு வருடமாக நீங்கள் பிரீமியம் கட்டிவரும் இன்ஷூரன்ஸ் இது.

எவ்வளவு வரும்? தினச் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம். உங்கள் தினச் சராசரி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 420. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு என்பதால் மாதத்துக்கு 12,600 பக்கம் வரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அது காத்திருப்பு நாள். ஒரு வருடத்தில், அதாவது அடுத்தடுத்த இரண்டு பயன்பெறும் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்), மொத்தம் 91 நாள் வரை வாங்கலாம். நீங்கள் விடுப்பில் இருப்பது ஜூலை முதல் டிசம்பருக்குள் என்றால், அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளாவது உங்கள் பெயரில் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூனுக்குள் என்றால், முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நான்கு வருடமாகத் தொடர்ந்து வேலை பார்க்கிற உங்களுக்கு இதில் சிக்கல் வராது. ஆனாலும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் ஐ.பி. எண்ணை, அதாவது இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணைப் போட்டு, எந்தெந்த மாதம் எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற நிர்வாகங்களும் இருக்கின்றன. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சம்பளச் சீட்டுகளோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலக மேலாளரைப் பாருங்கள். இன்னொன்று, பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். நோயை விட அந்த இனிஷியலுக்காக அதிகம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மச்சான் சொன்ன டிஸ்க் யோசனை. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். வேண்டாம். பொய்ச் சான்று கொடுத்துப் பணம் வாங்குவது குற்றம் என்பது ஒரு பக்கம். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது உங்களுக்கு நஷ்டம். எப்படி என்று சொல்கிறேன்.

91 நாள் முடிந்தும் சரியாகவில்லை என்றால், இ.எஸ்.ஐ.யில் 'நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன்' என்று ஒன்று இருக்கிறது. அதில் 70-க்குப் பதில் 80 சதவீதம். உங்கள் கணக்கில் நாளுக்கு 480 ரூபாய். முதலில் 124 நாள், தேவைப்பட்டால் 309 நாள் வரை நீட்டுவார்கள். முதல் 91 நாளையும் சேர்த்தால் 400 நாள். மருத்துவக் குழு பரிந்துரைத்தால் அதற்கு மேலும், இரண்டு வருடம் வரைகூடப் போகலாம். இது எல்லா நோய்க்கும் கிடையாது. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் என்று போகிற அந்தப் பட்டியலில் மனநோய்களும் இருக்கின்றன: ஸ்கிசோஃப்ரீனியா, மேனிக் டிப்ரஸிவ் சைக்கோசிஸ், டிமென்ஷியா, அப்புறம் 'எண்டோஜீனஸ் டிப்ரஷன்', அதாவது வெளிக்காரணம் இல்லாமல் உள்ளிருந்தே வரும் மனச்சோர்வு. கடைசியில் சொன்னது பழைய காலத்துப் பெயர். இன்றைய டாக்டர்கள் சீட்டில் அப்படி எழுதுவது குறைவு. 'ஸ்ட்ரெஸ்', 'ஆங்ஸைட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் பட்டியலுக்குள் வராது. அதனால் உங்களுடையது எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்பதைத் தெளிவாக எழுதும்படி மனநல மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. இரண்டு வருடத் தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. உங்களுக்கு இரண்டும் இருக்கும்.

டிஸ்க் என்று எழுதி ஆரம்பித்தால் இந்தக் கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். மூன்று மாதம் முதுகுவலி என்று இருந்துவிட்டு நாலாவது மாதம் 'உண்மையில் டிப்ரஷன்' என்றால் யார் நம்புவார்கள்? சந்தேகம் வந்தால் இ.எஸ்.ஐ.யின் மெடிக்கல் ரெஃப்ரீ (சான்றுகளைச் சரிபார்க்கும் டாக்டர்) உங்களை நேரில் கூப்பிட்டுப் பரிசோதிக்கலாம். முதுகை ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. கையில் இருக்கிற மாத்திரையோ மனச்சோர்வுக்கானது. அதோடு, வேலைக்குத் திரும்பும்போது உங்களுக்குத் தேவைப்படப் போவது நைட் ஷிஃப்ட் இல்லாமல் சில வாரம். முதுகுவலிச் சான்றை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. கனமான பொருள் தூக்க வேண்டாம் என்று சொல்லி அதே நைட் ஷிஃப்ட்டில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார வைப்பார்கள்.

அடுத்து, எங்கே போவது? காந்திபுரம் டாக்டரின் சீட்டை மட்டும் எச்.ஆரிடம் கொடுத்தால் அது லீவு லெட்டர்தான். இ.எஸ்.ஐ. பணம் வர, நீங்கள் பதிவு செய்திருக்கிற இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் சான்று தர வேண்டும். தனியார் டாக்டரின் சீட்டு, மாத்திரை அட்டை, ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போங்கள். அவர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதி அனுப்பலாம். அங்கே போவதால் காந்திபுரம் டாக்டரை விட்டுவிட வேண்டும் என்றில்லை. ஆனால் மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது சம்பளம் இல்லாத மாதத்தில் கையிலிருந்து எதற்குச் செலவழிக்க வேண்டும்? அதோடு, இ.எஸ்.ஐ. மனநல மருத்துவரின் குறிப்பு உங்கள் பதிவில் ஏறிவிட்டால் டிஸ்பென்சரி டாக்டருக்குச் சான்று தருவது சுலபம்.

டிஸ்பென்சரியில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நிமிடத்தில் நம் ஆட்கள் சொல்வது, "மனசு சரியில்லைங்க சார், ஒரு மாதிரியா இருக்கு." டாக்டர் சத்து மாத்திரை எழுதி, மூன்று நாள் லீவு போட்டு அனுப்பிவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. கை உடைந்தால் கட்டு தெரியும், இதில் என்ன தெரியும்? அதனால் மனசைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். "ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தா மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்லை. மைக்ரோமீட்டர் ரீடிங்கை மூணு தடவை பார்த்தும் தப்பா எழுதறேன். ஆஃப்செட் தப்பாப் போட்டு ஒரு லாட் போச்சு. மெஷின் முன்னாடி நின்னாக் கை நடுங்குது. ஆறு கிலோ எடை குறைஞ்சிருச்சு." உங்களுக்கு எது நடந்ததோ அதை மட்டும், இப்படி எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இரண்டு மணி நேரத் தூக்கத்தில் ஓடுகிற மெஷின் முன்னால் ஒருவர் நிற்பது ஆபத்து என்று எந்த டாக்டருக்கும் விளக்கத் தேவையில்லை. பேச வராது என்றால் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். மனைவியைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. டிப்ரஷனில் இருக்கிறவர் டாக்டர் முன்னால் "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். வீட்டில் நடப்பதை மனைவிதான் சொல்வார்.

சான்று ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். முதல் சான்று, அப்புறம் பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை இடைச் சான்று, வேலைக்குப் போகும்போது இறுதிச் சான்று. நோய் நீளும் என்று டாக்டர் கருதினால் நான்கு வாரம் வரைக்கும் சேர்த்துத் தரவும் விதி உண்டு, கேட்டுப் பாருங்கள். வாரா வாரம் எழுந்து கிளம்பி வரிசையில் நிற்பதே இந்த நோயில் மலையேறுவது மாதிரி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரம் விட்டால் அந்த வாரத்துப் பணம் போய்விடும். தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து, ஞாபகப்படுத்தும் பொறுப்பை மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள்.

"மனசு மாறட்டும், ஊருக்குப் போய் ஒரு மாசம் இருந்துட்டு வா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போகலாம். ஆனால் டிஸ்பென்சரி டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பணம் வாங்குகிற காலத்தில் சிகிச்சை பெறும் பகுதியை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நிறைய பேருக்கு இது தெரியாது.

டெலிவரி ஓட்டுவதா? ஒரு நாள்கூட வேண்டாம். நீங்கள் கேட்பது 'வேலை செய்ய முடியாத நாட்களுக்கான' பணம். சாயந்திரம் நாலு மணி நேரம்தானே, அது கம்பெனி வேலை இல்லையே என்ற வாதமெல்லாம் நிற்காது. ஆப்பில் நீங்கள் லாகின் செய்த நேரம், டெலிவரி செய்த இடம், வங்கிக்கு வந்த தொகை எல்லாம் பதிவாகிக் கிடக்கும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்; வழக்கும் வரலாம். சட்டம் கிடக்கட்டும், தூக்கமில்லாமல் மாத்திரையும் போட்டுக்கொண்டு ராத்திரி அவிநாசி ரோட்டில் பைக் ஓட்டுவதை நினைத்தால் எனக்கே பகீரென்கிறது. இ.எம்.ஐ.க்கு வேறு வழி பார்க்கலாம். தவணை தேதிக்கு முன்னாடியே ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு மருத்துவச் சான்றோடு போய், இரண்டு தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். தவணை பவுன்ஸ் ஆன பிறகு போனால் பேச்சே வேறு. பி.எஃப்.பிலும் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம், ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதல் மாதம் இ.எஸ்.ஐ. பணம் வரத் தாமதமானால் வீட்டுக்குள்ளே யாரிடமாவது கைமாற்று வாங்குங்கள். மீட்டர் வட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

எச்.ஆர். சொன்னதற்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள்: ராஜினாமா எழுதாதீர்கள். டிப்ரஷன் இருக்கும்போது 'விட்டுட்டுப் போயிடலாம்' என்பதுதான் எல்லாவற்றுக்கும் சுலபமான பதிலாகத் தோன்றும். அது நோயின் குரல். ஆறு மாதம் கழித்து நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள், கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கும். 'புதுசா சேர்த்துக்கலாம்' என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி? அப்படியே சேர்த்தாலும் நீங்கள் புது ஆள். 80 சதவீதப் பயனுக்குத் தேவையான இரண்டு வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும். அதைவிட, உங்களுக்கு இன்னும் எட்டு மாதத்தில் ஐந்து வருடம் முடிகிறது. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, அதுதான் கணக்கு. நோய்க்காக எடுத்த விடுப்பும் தொடர்ச்சியான பணிக்காலமாகவே கணக்கிடப்படும் என்பதால் வீட்டில் படுத்திருந்தாலும் அந்த எட்டு மாதம் ஓடும். உங்கள் எச்.ஆர். இதை மனதில் வைத்துச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஷிஃப்ட்டில் ஒரு ஆள் குறைகிறது, அந்த இடத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவாகவும் இருக்கலாம்.

சண்டை போட வேண்டாம், நியாயம் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ நாலு வரி அனுப்புங்கள்: "உடல்நலக் குறைவால் இ.எஸ்.ஐ. சிகிச்சையிலும் மருத்துவ விடுப்பிலும் இருக்கிறேன். சான்றிதழ்களை அவ்வப்போது அனுப்புகிறேன். ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. டாக்டர் அனுமதித்ததும் வேலைக்கு வருகிறேன்." அனுப்பியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேச்சில் சொன்னது எதுவும் நாளைக்கு நிற்காது. தகவல் சொல்லாமல் வராமல் இருந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு மெமோ வந்தால் இந்த நாலு வரிதான் உங்களைக் காப்பாற்றும். இ.எஸ்.ஐ. பணம் வாங்குகிற காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 73-ஆவது பிரிவாக எழுதப்பட்ட விஷயம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பிரிவு எண்களெல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. அதனால் எச்.ஆரிடம் எண் சொல்லி வாதாடுவதை விட, இடைவெளி இல்லாமல் சான்றுகளை வாங்கி வைத்திருப்பதுதான் பலம். நீக்கம், மெமோ என்று ஏதாவது வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ பாருங்கள்.

எச்.ஆருக்கு நோயின் பெயர் தெரிந்தாக வேண்டுமா என்பது உங்கள் உள்ளுக்குள் இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். நீங்கள் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. இ.எஸ்.ஐ. அலுவலகம் நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்வது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இவர் வேலைக்கு வந்தாரா, சம்பளத்தோடு கூடிய லீவு கொடுத்தீர்களா என்பதைத்தான். (அதனால்தான், இடையில் ஒரு நாள் 'சும்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்று யாராவது கூப்பிட்டாலும் போகக் கூடாது.) 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டிய கடமையை டாக்டர்கள் மேலும் மருத்துவமனை மேலும் வைக்கிறது. ஆனால் உங்கள் கையாலேயே கொடுத்த பேப்பர் ஆபீஸில் எந்த மேசையில் கிடக்கும் என்பதற்கு அந்தச் சட்டம் பொறுப்பேற்காது. கொடுக்க வேண்டியதை எச்.ஆரிடம் உறையிலிட்டுக் கொடுங்கள். சூப்பர்வைசருக்கும் டைம் ஆபீஸுக்கும் தேதிகள் போதும்.

இனி வேலைக்குத் திரும்புவது. பெரும்பாலும் ஆட்கள் பணம் தீர்ந்ததும் போகிறார்கள், குணமானதும் போவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யவே இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதலில் மந்தம், வாய் உலர்தல், வயிற்றுக் குமட்டல்தான் தெரியும். பலன் பின்னால் வரும். ஐந்தாவது வாரத்தில் இருக்கிற உங்களுக்குத் தூக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். கொஞ்சம்கூட மாற்றமில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

போகலாமா என்பதற்கு நான் பார்க்கிற அடையாளங்கள் சின்னவை. வாரத்தில் பெரும்பாலான நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமாவது தூங்குகிறீர்களா? காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்து குளிக்கிறீர்களா? மளிகைக் கணக்கை ஒரே மூச்சில் தப்பில்லாமல் கூட்ட முடிகிறதா? இறுதிச் சான்று வாங்குவதற்கு ஒரு வாரம் முன்னாடி ஒத்திகை பாருங்கள். முதல் ஷிஃப்ட்டுக்கு எழுவது போல எழுந்து, டிபன் கட்டி, வழக்கமான பஸ்ஸில் ஏறி, கம்பெனி ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப்பில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். மூன்று நாள் செய்து பாருங்கள். பஸ்ஸிலேயே நெஞ்சு படபடத்தால் இன்னும் நாள் வேண்டும் என்று அர்த்தம், அதை அடுத்த சான்றுக்குப் போகும்போது அப்படியே சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் போல முதல் வாரம் அரை நாள், அடுத்த வாரம் முக்கால் நாள் என்ற ஏற்பாடு நம் சட்டத்தில் கிடையாது. இ.எஸ்.ஐ. முழு நாளுக்குத்தான் கணக்குப் பார்க்கும். ஒன்று விடுப்பு, இல்லையென்றால் வேலை. நாமே கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமை சேராதீர்கள். ஞாயிறு உங்களுக்கு விடுமுறை என்றால் வியாழக்கிழமை சேருங்கள். மூன்றே நாளில் ஓய்வு வந்துவிடும். சேமிப்பில் இருக்கிற சம்பள லீவை முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒன்றாக, புதன்கிழமைகளில் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நைட் ஷிஃப்ட் விஷயத்தில் நான் கறார். முதல் ஆறு வாரமாவது வேண்டாம். டிப்ரஷனில் முதலில் கெடுவதும் தூக்கம்தான், திரும்ப நோயை இழுத்துக்கொண்டு வருவதும் தூக்கம்தான். 'பகல் ஷிஃப்ட் மட்டும், ஆறு வாரத்துக்கு' என்று மனநல மருத்துவரிடம் தனியாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதில் நோயின் பெயர் தேவையில்லை. நிர்வாகம் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் என்ன நஷ்டம் என்று உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எச்.ஆரை விட நன்றாகத் தெரியும். இதை அவரிடம் கேளுங்கள். பகலில் சி.என்.சி. பக்கம் போக இன்னும் தயக்கமாக இருந்தால் இரண்டு வாரம் இன்ஸ்பெக்‌ஷனிலோ ஸ்டோர்ஸிலோ போடச் சொல்லலாம். மாத்திரை தூக்கம் வர வைக்கிறது என்றால், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தருவார். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. முதல்முறை வந்த நோய்க்கே, குணமான பிறகும் ஆறு மாதமாவது மருந்து தொடர வேண்டியிருக்கும். ஷிஃப்ட் முடிந்து ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்று எந்த நண்பராவது சொன்னால், அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

'மெண்டல்' என்று பேசுவார்களா? ஒருவர் இருவர் பேசலாம், பொய் சொல்லி உங்களைத் தேற்ற விரும்பவில்லை. என் அனுபவத்தில், விளக்கம் கொடுக்கக் கொடுக்கத்தான் பேச்சு வளரும். "உடம்பு முடியலை, ட்ரீட்மென்ட்ல இருந்தேன், இப்போ பரவாயில்லை" என்பதோடு நிறுத்துங்கள். துருவினால் அதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். கேன்டீனில் உங்களோடு சாப்பிடுகிற ஒரே ஒருவருக்கு மட்டும் முழுசாகச் சொல்லி வைப்பது நல்லது. ஒரு நாள் உங்கள் முகம் வாடியிருந்தால் அவர் மற்றவர்களைத் திசை திருப்புவார். அந்த ஒருவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

போன பிறகு முடியவில்லை என்றால்? அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் நடக்கும். வேலைக்குச் சேர்ந்து 15 நாளுக்குள் மறுபடி முடியாமல் போனால், அந்த இரண்டு நாள் காத்திருப்பு மறுபடி வராது. முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு லாட்டைக் கெடுக்கும்வரை இழுக்காமல் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

கடைசியாக, கடந்துபோன ஐந்து வாரம். டிஸ்பென்சரி டாக்டர் தான் பார்க்காத நாளுக்குப் பின்தேதி போட்டுச் சான்று தர மாட்டார், அவரிடம் அதற்காக மன்றாட வேண்டாம். காந்திபுரம் டாக்டரிடம் எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, எந்தத் தேதியிலிருந்து வேலை செய்ய இயலாத நிலை என்று தெளிவாகச் சான்று வாங்குங்கள். அதோடு சீட்டுகள், மருந்து ரசீதுகளையும், ஏன் அப்போதே டிஸ்பென்சரிக்கு வர முடியவில்லை என்று நாலு வரிக் கடிதத்தையும் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் மாற்று ஆதாரமாகக் கொடுத்து, அங்கேயே ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் ரெஃப்ரீ பார்த்து ஏற்றுக்கொண்டால் அந்த வாரங்களுக்கும் பணம் வரும். ஏற்கப்பட்ட நாட்கள் 91-இல் கழியும். கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள். டிஸ்பென்சரிக்குப் போகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள். மனைவியும் கூட வரட்டும்.